லென்ஸைத் தள்ளும் குழாய்: புதிய இன்ஜெக்டரை எப்படிச் சோதிக்க வேண்டும்

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரிடம் தெருவில் கேட்கும் முதல் கேள்வி, "எந்த லென்ஸ் வச்சாங்க?" என்பதுதான். அந்த லென்ஸ் எதைக் கொண்டு உள்ளே போனது என்று எவரும் கேட்பதில்லை. 6 மில்லிமீட்டர் அகலமுள்ள லென்ஸை 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் வரையுள்ள கீறல் வழியாக உள்ளே சேர்ப்பது ஒரு பிளாஸ்டிக் குழாயும் அதற்குள் ஓடும் ஒரு தண்டும். அதற்கு இன்ஜெக்டர் என்று பெயர். அது கண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிக்குள் லென்ஸைப் பிடித்து நிறுத்தும் கை (ஹேப்டிக்) ஒடியலாம், கீறலின் வாய் கிழியலாம், லென்ஸைத் தாங்கவேண்டிய பின்பக்கச் சவ்வு ஓட்டையாகலாம்.

புதிய இன்ஜெக்டர் ஒன்றைச் சோதிக்கும்போது, எத்தனை கண்ணில் வைத்தோம், எத்தனை பேருக்குப் பார்வை வந்தது என்ற கணக்கு போதாது. சிஸ்டர் லென்ஸை இன்ஜெக்டருக்குள் ஏற்ற, அதாவது லோடு செய்யத் தொடங்கும் கணத்திலிருந்தே கணக்கு ஓட வேண்டும். இன்ஜெக்டரின் குறை பல நேரம் கண்ணுக்கு வெளியிலேயே தெரிந்துவிடும். "மேடம், பின் ஹேப்டிக் மாட்டிக்கிச்சு" என்று சிஸ்டர் சொல்வார். வேறு லென்ஸைப் பிரிப்பார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடியும். ஒரு மாதம் கழித்து நோயாளியின் தாளில் 6/6, அதாவது முழுப் பார்வை என்று ஏறும். கண்களை மட்டும் எண்ணினால் இது நூற்றுக்கு நூறு வெற்றி. லோடிங்கை எண்ணினால் இது ஒரு தோல்வி.

கடலூர், புதுச்சேரி வட்டாரம் இப்படிப்பட்ட சோதனைக்குப் பொருத்தமான இடம். கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர், சிதம்பரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து முகாம் வழியாகவும் நேரடியாகவும் ஆட்கள் வருகிறார்கள். வரும் கண்கள் ஒரே மாதிரியானவையும் அல்ல. வங்கி வேலையில் இருப்பவரின் தொடக்க நிலைப் புரையும், முந்திரிக்காட்டில் வெயிலில் நின்றவரின் பழுத்துப் பழுப்பேறிய புரையும் ஒரே நாள் பட்டியலில் இருக்கும். கண்மணி சரியாக விரியாத கண்கள், தமிழ்நாட்டில் அடிக்கடி காணும் சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் என்ற வெண்துகள் படிவு உள்ள கண்கள், புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் ஃபேகோ முறையைக் கற்றுக்கொண்டிருக்கும் இளம் டாக்டர்களின் கைகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. கருவியின் பலவீனம் இங்கே சீக்கிரம் வெளிப்படும்.

கருவியின் உடல்

முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் வைத்தவர் லண்டனில் ஹரால்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று. அது மடங்காத அக்ரிலிக் பிளாஸ்டிக். அதன் அகலத்துக்கே கீறலும் வேண்டியிருந்தது. 1980களில் மடக்கும் லென்ஸ் வந்த பிறகுதான் இன்ஜெக்டருக்கு வேலை வந்தது. இன்றும் நம் ஊர்களில் தையலில்லாச் சிறு கீறல் முறையில், 6 மில்லிமீட்டரை ஒட்டிய கீறலில், மடங்காத லென்ஸ் வைக்கும் ஆபரேஷன்கள் ஏராளம். அவற்றில் இன்ஜெக்டரே இல்லை. லென்ஸை ஃபோர்செப்ஸால் பிடித்து வைத்துவிடுவார்கள். அதனால், "பழைய முறையில் இந்தத் தொல்லையே இல்லையே" என்று மூத்த சர்ஜன்கள் சொல்லும்போது அதில் உண்மை இருக்கிறது. கீறலைச் சிறிதாக்கியதற்குக் கொடுக்கும் விலை இந்தக் கருவியின் சிக்கல்.

பாகங்கள் குறைவு. லென்ஸ் உட்காரும் அறை, அதிலிருந்து குறுகிக்கொண்டே போகும் கூம்பு, சாய்வாக வெட்டிய நுனி: இவை சேர்ந்ததுதான் கார்ட்ரிட்ஜ், பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். பின்னால் ஒரு உடல், அதற்குள் பிளஞ்சர். பிளஞ்சரின் முனை சிலிகான் குஷனாகவோ, கவைபோலப் பிளந்த கெட்டி பிளாஸ்டிக்காகவோ இருக்கும். தள்ளும் விதம் இரண்டு. ஒன்று சிரிஞ்சு மாதிரிக் கட்டைவிரலால் அழுத்துவது; இன்னொரு கை சும்மா இருப்பதால் கண்ணைப் பிடித்துக்கொள்ளலாம். மற்றது திருகுவது, இரண்டு கையும் வேண்டும், ஆனால் லென்ஸ் ஓர் ஒழுங்கான வேகத்தில் நகரும். சில கருவிகளில் லென்ஸைத் தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்து அனுப்புகிறார்கள், அது ப்ரீலோடட். அதில்கூட லென்ஸ் மடித்த நிலையில் வருவதில்லை. மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்தால் அக்ரிலிக் பழைய உருவத்துக்கு முழுமையாகத் திரும்பாது. எனவே விரித்த நிலையில் அறைக்குள் காத்திருக்கும். பிளஞ்சர் நகரும்போதோ மூடியை அழுத்தும்போதோதான் மடங்கும்.

லோடிங்கின் வரிசை எளிதுதான். கார்ட்ரிட்ஜுக்குள் விஸ்கோவை, அதாவது வழுக்கும் ஜெல்லை, காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். லென்ஸை நேர்ப்பக்கம் மேலாக வைத்து, முன் ஹேப்டிக்கையும் பின் ஹேப்டிக்கையும் லென்ஸின் நடுவட்டமான ஆப்டிக்கின் மேல் மடித்துச் செருக வேண்டும். கார்ட்ரிட்ஜின் மூடிகளான சிறகுகளை மூட வேண்டும்; ஓரம் ஏதும் இடையில் நசுங்கவில்லை என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். உடலில் பொருத்தி, லென்ஸ் கூம்பின் வாசலுக்கு வரும்வரை மெதுவாகத் தள்ள வேண்டும். நுனியின் சாய்வு கீழ்நோக்கி இருக்கும்படி கீறலில் நுழைத்து, நிற்காமல் ஒரே சீராகத் தள்ளி, முன் ஹேப்டிக்கை, புரையை எடுத்தபின் கண்ணில் மிஞ்சும் லென்ஸ் பைக்குள் வழிநடத்த வேண்டும். சாதாரண சி வடிவ ஹேப்டிக் உள்ள லென்ஸ் சரியாக விரிந்தால், ஆங்கில எஸ் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போலத் தெரியும். நேரான எஸ் தெரிந்தால் லென்ஸ் தலைகீழாக விழுந்திருக்கிறது என்று பொருள்.

ஏன் இவ்வளவு இறுக்கம்?

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தக் கருவியின் எல்லாத் தொல்லைகளும் புரியும். 6 மில்லிமீட்டர் ஆப்டிக் உள்ள 20 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) லென்ஸ் ஒன்று; நடுத்தடிமன் 0.7, ஓரத்தடிமன் 0.25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவே வெட்டினால் அதன் குறுக்குப் பரப்பு சுமார் 3.3 சதுர மில்லிமீட்டர். கார்ட்ரிட்ஜின் நுனிக்குழாயான நாசிலின் உள்விட்டம் 1.4 மில்லிமீட்டர் என்றால் துளையின் பரப்பு 1.54 சதுர மில்லிமீட்டர்தான். அதாவது, துளையைப்போல் இரு மடங்குக்கும் மேல் பருமனான பொருள் அதன் வழியே போக வேண்டும். அக்ரிலிக்கை அமுக்கிச் சுருக்க முடியாது. மாவைக் குழாயில் அழுத்துவதுபோல அது நீளத்தான் வேண்டும். 6 மில்லிமீட்டர் வட்டமாக இருந்தது நாசிலுக்குள் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நீளக் கட்டையாகிறது. இதில் ஹேப்டிக்கையும் விஸ்கோவையும் சேர்க்கவே இல்லை.

இப்போது அதே லென்ஸ் 30 டயாப்டர் என்று கொள்வோம். நடுத்தடிமன் 1 மில்லிமீட்டர். குறுக்குப் பரப்பு 4.5, துளையைப்போல் மூன்று மடங்கு. நீளம் 11 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. 20 டயாப்டரில் வெண்ணெய்போல் வழுக்கிப்போன இன்ஜெக்டர் 30-ல் நுனி பிளந்து நிற்பது இதனால்தான். நம் ஊரில் பெரும்பாலானோருக்கு 20-ஐ ஒட்டிய பவர்தான் வரும் என்பதால், அந்த நடுப்பவரை மட்டும் வைத்துச் சோதனை முடித்துவிடும் ஆசை யாருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்கவே கூடாது. மறுமுனையிலும் ஆபத்து உண்டு. 8, 10 டயாப்டர் லென்ஸ் மெல்லியது. அதற்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் சந்து கிடைக்க, பிளஞ்சர் லென்ஸின் மேலேறிப் போய்விடும். ஆப்டிக்கின் நடுவில் நகக்கீறல்போல ஒரு கோடு விழும், அல்லது பின் ஹேப்டிக் தண்டுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கும்.

கீறலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கத்தியால் போட்ட கீறல் ஒரு கோடு. அது வாய் திறக்கும்போது அதன் சுற்றளவு அகலத்தைப்போல் இரு மடங்கு. 2.2 மில்லிமீட்டர் கீறலின் சுற்றளவு 4.4. வெளிவிட்டம் 1.8 மில்லிமீட்டர் உள்ள நாசிலின் சுற்றளவு 5.65. கருவிழி ஓரளவு இழுபடும், ஆனால் இவ்வளவு வித்தியாசத்தை இழுபட்டுச் சமாளிக்காது, ஓரங்கள் கிழியும். 1.8 நாசிலுக்கு இழுபாடே இல்லாமல் வேண்டிய கீறல் 2.8. எனவே பெட்டியில் "2.2-க்கு ஏற்றது" என்று அச்சிட்டிருந்தால், நுனியை முழுக்க உள்ளே நுழைத்து அளந்தார்களா, கீறலின் வெளிவாயில் மட்டும் நுனியை அணைத்து, கருவிழிக்குள் கீறல் போகும் சுரங்கப்பாதையையே குழாயாகப் பயன்படுத்தித் தள்ளினார்களா என்று கேட்க வேண்டும். இரண்டாவது முறை கைதேர்ந்தவர்களுக்குச் சரி. கண்ணின் அழுத்தம் தளர்ந்திருந்தால் கண்ணே பின்னுக்குப் போய், லென்ஸ் பாதியில் நிற்கும்.

மேசையில் நடக்கும் சோதனை

மனிதக் கண்ணுக்குப் போகுமுன் இன்ஜெக்டர் கடக்க வேண்டிய முதல் களம் இழுவிசை இயந்திரம். கருவியை நிமிர்த்திப் பிடித்து, பிளஞ்சரை நிலையான வேகத்தில் இறக்கி, ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று வரைபடம் எடுப்பார்கள். வரைபடத்தில் மூன்று மேடுகள் வரும்: பிளஞ்சர் லென்ஸைத் தொடும் இடம், ஆப்டிக்கின் நடுப்பகுதி கூம்புக்குள் நுழையும் இடம், நுனியிலிருந்து வெளிவரும் இடம். உச்ச விசை எவ்வளவு என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். 20 நியூட்டன் என்றால் கட்டைவிரலில் இரண்டு கிலோ எடையைத் தாங்குவதுபோல. அதையும் நடுக்கமில்லாமல் செய்ய வேண்டும். உச்சத்தைவிட அதற்குப் பிறகு வரும் சரிவு முக்கியம் என்பது எங்கள் கருத்து. நிற்கும் பொருளின் உராய்வு அதிகம், நகரத் தொடங்கியதும் குறையும். விசை திடீரென்று சரிந்தால், டாக்டர் அதே பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்க, லென்ஸ் அம்புபோலப் பாயும். பின்பக்கச் சவ்வு சில மைக்ரான் தடிமன்தான். உச்ச விசை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மெதுவாக இறங்கும் வரைபடம் கொண்ட கருவியே பாதுகாப்பானது.

இந்தச் சோதனையை எந்த வெப்பத்தில் செய்தார்கள் என்பதைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஹைட்ரோஃபோபிக் (நீரை ஏற்காத) அக்ரிலிக் லென்ஸ்கள் சில, அறை வெப்பத்தை ஒட்டிய ஒரு புள்ளிக்குக் கீழே விறைத்துப்போகும். அதற்கு மேலே இளகும். புதுச்சேரியில் வெளியே 38 டிகிரி புழுக்கம்; ஓ.டி.க்குள் ஏ.சி. 20-ல் ஓடுகிறது. சோடியம் ஹையலுரோனேட் விஸ்கோ 2 முதல் 8 டிகிரி ஃபிரிட்ஜிலிருந்து வருகிறது. அரை மணி நேரமாவது வெளியே வைக்காமல் அவசரத்தில் அப்படியே கார்ட்ரிட்ஜில் ஊற்றினால் லென்ஸ் இன்னும் விறைக்கும். 25 டிகிரி ஆய்வகத்தில் எடுத்த அழகான வரைபடம் இந்த மேசைக்குப் பொருந்தாது. 18, 21, 25 என்று மூன்று வெப்பங்களிலாவது எடுக்க வேண்டும். விஸ்கோவும் அப்படித்தான். நம் மருத்துவமனைகளில் விலை குறைந்த 2 சதவீத ஹெச்.பி.எம்.சி.யே அதிகம் புழங்குகிறது. அது ஹையலுரோனேட்டைப் போல இழுபட்டு உயவு கொடுக்காது. கருவியோடு வரும் காகிதத்தில் ஒன்று எழுதியிருக்க, மேசையில் மற்றது இருந்தால், கிடைத்த முடிவு கருவியின் முடிவல்ல.

அடுத்தது காத்திருப்பு. நோயாளிகள் அதிகமுள்ள மருத்துவமனைகளில் ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. ஒன்றில் முடிக்கும்போது மற்றதில் அடுத்தவர் தயாராக இருப்பார். நேரம் மிச்சம் பிடிக்க சிஸ்டர் லென்ஸை முன்கூட்டியே மடித்து வைத்துவிடுவார். அந்தக் கண்ணில் புரை கெட்டியாக இருந்தால் லென்ஸ் நாசிலின் வாசலில் ஐந்து, பத்து நிமிடம் மடங்கிக் கிடக்கும். அதற்குள் விஸ்கோ சுவரிலிருந்து பிதுங்கி விலகும். ஹேப்டிக் ஆப்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே போன பிறகு விரியாமல் கைகட்டி நிற்கும். எனவே ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று காத்திருக்க வைத்துத் தள்ளிப் பார்ப்பது இந்த ஊர்ச் சோதனையில் கட்டாயம் இருக்க வேண்டிய படி.

வெளியே வந்த லென்ஸைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இன்ஜெக்டர் வழியே போன லென்ஸ் போகாத லென்ஸைப் போலவே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஐ.எஸ்.ஓ. 11979 என்ற பன்னாட்டுத் தரநிலைத் தொடரின் மூன்றாம் பகுதி இதைக் கேட்கிறது: ஆபரேஷனில் கையாள்வதுபோலக் கையாண்ட பிறகு லென்ஸின் அளவும் ஒளிப் பண்பும் மீண்டிருக்க வேண்டும். பவர் 15-க்கு மேல் 25 டயாப்டர் வரை உள்ள லென்ஸில் 0.4-க்குள், 25-க்கு மேல் 30 வரை 0.5-க்குள் பிசகலாம். மாதிரிக் கண்ணில் 3 மில்லிமீட்டர் துவாரத்தில், மில்லிமீட்டருக்கு 100 கோட்டு ஜோடிகளில், ஒரே குவியம் உள்ள லென்ஸின் எம்.டி.எஃப்., அதாவது பிம்பத்தின் தெளிவை அளக்கும் எண், 0.43 இருக்க வேண்டும், அல்லது அந்த வடிவமைப்புக்கு இயலும் உச்சத்தில் 70 சதவீதமாவது எட்ட வேண்டும். இந்த எண்களைத் தாண்டியும் வெறும் மைக்ரோஸ்கோப் சொல்லும் செய்திகள் உண்டு: ஆப்டிக்கில் கோடு, ஓரத்தில் பல் பதிந்த தடம், ஹேப்டிக் வேரில் வெள்ளைக் கீறல்.

நாசிலையும் அதே மைக்ரோஸ்கோப்பில் வைக்க வேண்டும். ஒரு நல்ல நுனி, லென்ஸ் போன பிறகும் வட்டமாக, ஓரம் மழுங்காமல் இருக்கும். கெட்டது பல விதம்: உள்சுவரில் மெல்லிய கோடுகள், ஆழமான பள்ளம், புனல்போல விரிந்த வாய், நீளவாக்கில் முடிபோல ஒரு விரிசல், கடைசியாக வெடித்துப் பிரிந்த நுனி. விரிசல் விழுந்த நுனி கீறலுக்குள் இருக்கும்போது விரிசலின் உதடுகள் வெளிப்புறம் பிதுங்கி, கருவிழியின் உட்சவ்வான டெஸ்மெட்டைச் சுரண்டும். லென்ஸ் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். மறுநாள் காலையில் கீறலை ஒட்டிய கருவிழி மட்டும் பாலாக வெளுத்திருக்கும். காரணம் தெரியாமல் ஃபேகோவின் சூட்டைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நுனி வழுக்குவதற்கு உள்ளே ஒரு பூச்சு இருக்கும். அல்லது பிளாஸ்டிக்கிலேயே கொழுப்புத் தன்மையுள்ள ஒரு பொருளைக் கலந்து, அது மெல்ல மேற்பரப்புக்கு ஊறி வரும்படி செய்திருப்பார்கள். இரண்டுக்கும் காலமும் வெப்பமும் எதிரி. பூச்சு உதிர்ந்தால் லென்ஸோடு சேர்ந்து கண்ணுக்குள் செதில் போகும். ஊறி வரும் பொருள் அளவுக்கு மிஞ்சினால் லென்ஸில் பனிபோலப் படியும், போதாவிட்டால் வழுக்காது. எனவே புதிதாக வார்த்த கருவியை மட்டும் சோதித்தால் பாதி வேலைதான். 55 டிகிரி அடுப்பில் வாரக்கணக்கில் வைத்து மூப்படையச் செய்து பார்ப்பார்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் மூப்பு இரு மடங்கு வேகமாகும் என்ற பொதுவான கணக்கில் இது நடக்கிறது. கூடவே உண்மையான காலத்துச் சேமிப்பும் ஓட வேண்டும். கத்திரி வெயிலில் மூடிய வேனில் வந்து, கடற்கரை ஈரத்தில் ஸ்டோரில் கிடந்து, புயல் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்த பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை அடுப்பு மட்டும் சொல்லாது. 2011 டிசம்பரில் தானே புயல் கரையேறியபோது இந்தக் கரை முழுக்க நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. ஸ்டோரின் வெப்பப் பதிவேடு ஏன் வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒருமுறைப் பயன்பாட்டுக்கான கார்ட்ரிட்ஜை மறுபடி கழுவி ஆட்டோகிளேவில் போடுவது பற்றி ஒரு வார்த்தை. 121 டிகிரியில் பாலிப்ரொப்பிலீன் உருகாது; ஆனால் பூச்சு போய்விடும், நுனி லேசாகக் கோணும், உள்ளே பழைய விஸ்கோ காய்ந்து ஒட்டியிருக்கும். அந்த எச்சம் கண்ணுக்குள் போனால் மறுநாளே கிருமியில்லாத கடும் அழற்சி, டாஸ் என்பார்கள், வரலாம். செலவை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தில்தான் இது தொடங்குகிறது. மறுபயன்பாடு வேண்டுமென்றால் டைட்டானியம் உடல் போன்று அதற்கென்றே செய்த பாகத்தைத்தான் திரும்ப எடுக்க வேண்டும்.

ஆட்டுக்கண்ணில்

மேசையில் தேறியது அடுத்து, விலங்குக் கண்ணில் ஆபரேஷன் பழகும் கூடமான வெட்லேபுக்குப் போகும். நம் பக்கம் அதற்கு ஆட்டுக்கண்தான். காலையில் கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக் குளிரில் வைத்து, அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். நேரமாக ஆகக் கருவிழி மங்கும், உள்ளே நடப்பது தெரியாது. ஆட்டின் கருவிழி மனிதக் கருவிழியைவிடப் பெரியது, தடித்தது. லென்ஸின் பை ரப்பர்போல இழுபடும். ஆகவே கீறல் எவ்வளவு விரிந்தது, பை கிழிந்ததா என்ற கேள்விகளுக்கு ஆட்டுக்கண் சொல்லும் விடையை அப்படியே நம்பக் கூடாது. மனிதக் கண்ணைவிட அது மன்னிக்கும் குணமுள்ளது. ஆனால் கை எப்படி வளைகிறது, நுனி எந்தக் கோணத்தில் நிற்கிறது, லென்ஸ் எவ்வளவு நேரத்தில் விரிகிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் வழி இல்லை. ஹைட்ரோஃபிலிக் (நீரை ஏற்கும்) லென்ஸ் படாரென்று விரியும். ஹைட்ரோஃபோபிக் சோம்பல் முறிப்பதுபோல மெல்ல விரியும். இரண்டுக்கும் ஒரே இன்ஜெக்டர் என்று சொல்லும் கருவியை இரண்டிலும் பார்க்க வேண்டும்.

இங்கே சோதிக்க வேண்டியது சர்ஜனை மட்டுமல்ல. லோடிங் செய்வது சிஸ்டர். இந்தக் கருவியைப் பார்த்தே இராத ஐந்தாறு சிஸ்டர்களிடம் காகிதத்தை மட்டும் கொடுத்து, ஆளுக்குப் பத்து முறை லோடு செய்யச் சொல்லி, விநாடியையும் தவறையும் குறித்துக்கொண்டால் போதும். முதல் மூன்று முறை தவறுவது பழக்கக் குறை. பத்தாவது முறையிலும் அதே இடத்தில் தவறினால் அது வடிவமைப்பின் குறை. கையுறை விஸ்கோவில் நனைந்திருக்கும்போது சிறகு வழுக்குகிறதா, "க்ளிக்" சத்தம் கேட்காமலேயே மூடிவிட்டதாகத் தோன்றுகிறதா என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் தெரியும்.

மனிதக் கண்ணில்

இதற்குமேல் சட்டமும் மனசாட்சியும் ஒன்றாக வர வேண்டிய இடம். இந்தியாவில் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. முன்மாதிரி இல்லாத புதிய கருவிக்கு முதலில் சிறு அளவில், பிறகு முழு அளவில் என்று ஆய்வு நடக்கும். மத்திய அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். முதல் ஆளைச் சேர்க்குமுன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும்.

ஒப்புதல் வாங்கும் பேச்சு எப்படி நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி கேட்கக்கூடிய கேள்வி இது: "இது புதுசா தம்பி? பழசுலயே வச்சிவிடக் கூடாதா?" அதற்குச் சரியான பதில், "வைக்கலாம் பாட்டி. நீங்க வேண்டாம்னு சொன்னா பழசுலயே வைப்போம்; கவனிப்புல ஒரு குறையும் வராது. லென்ஸ் ரெண்டுலயும் ஒண்ணுதான், உள்ள தள்ளுற குழாய்தான் வேற" என்பதே. இலவச ஆபரேஷன் என்பதால் மறுக்கக் கூடாது என்று அவர் நினைத்துவிடக் கூடாது. கைநாட்டு வைப்பவராக இருந்தால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் பேச்சு முழுதும் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். கடைசியில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது சாட்சியமாகாது.

ஆய்வின் வடிவம் இப்படி இருந்தால் பயன்: லென்ஸ் ஒன்றே, சர்ஜன்கள் அதே ஆட்கள், கத்தி அதே அளவு, இன்ஜெக்டர் மட்டும் குலுக்கல் முறையில் மாறும். லென்ஸ் வைப்பதற்கு முன்னும் வைத்த பின்னும் கீறலை அளவுகோலால் 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் அளக்க வேண்டும். முடிவில் ஃப்ளோரசின் தடவி ஒழுகல் பார்க்க வேண்டும். மறுநாளும், ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும் கருவிழியின் வளைவையும் உட்பக்கச் செல் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்; அளப்பவருக்கு எந்த இன்ஜெக்டர் என்று தெரியக் கூடாது. தேதியைத் தீர்மானிக்கும்போது ஊரையும் யோசிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில் ஆபரேஷனுக்கு வரும் தேவனாம்பட்டினத்து மீனவர், மூன்றாம் மாதப் பரிசோதனைக்குக் கடலை விட்டு வருவது கடினம். பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் திட்டத்திலேயே ஒதுக்கிவிட்டால் பாதிப் பேர் விடுபட்டுப்போவதைத் தடுக்கலாம்.

எத்தனை கண் போதும்? "60 பேருக்கு வைத்தோம், ஒரு பழுதும் இல்லை" என்றால் கேட்க நன்றாக இருக்கும். பழுதே நேராதபோது 3-ஐ எண்ணிக்கையால் வகுத்தால், உண்மையான பழுது விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது 95 சதவீத நம்பகத்தோடு கிடைக்கும். 60-க்கு அது 5 சதவீதம். அதாவது இருபதில் ஒன்று பழுதாகும் கருவிகூட 60 பேரில் தப்பித்துவிடலாம். நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்ல 300 வேண்டும். ஆயிரத்தில் ஒன்று என்றால் 3,000. இன்ஜெக்டரின் கெட்ட பழுதுகள் இந்தக் கடைசி ரகத்தைச் சேர்ந்தவை. அவ்வளவு பேரை ஆய்வில் சேர்ப்பது நடக்காத காரியம். அதனால்தான் மேசையிலும் வெட்லேபிலும் மிகக் கடினமான நிலைமைகளை, அதாவது 30 டயாப்டர், 18 டிகிரி, பத்து நிமிடக் காத்திருப்பு, மூப்படைந்த கார்ட்ரிட்ஜ், புதுக் கை என்று சேர்த்துவைத்துச் சோதிப்பது கட்டாயமாகிறது. அரிதானதைப் பிடிக்க எண்ணிக்கையைக் கூட்ட முடியாவிட்டால் கடுமையைக் கூட்ட வேண்டும்.

மிச்சமுள்ள எண்ணிக்கை விற்பனைக்கு வந்த பிறகுதான் சேரும். 2015-ல் தொடங்கிய இந்திய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு எந்த மருத்துவமனையும் பழுதைத் தெரிவிக்கலாம். ஆனால் தெரிவிக்கக் கையில் பொருள் வேண்டும். மாட்டிக்கொண்ட இன்ஜெக்டர் அன்று மாலையே மற்ற பிளாஸ்டிக்கோடு சிவப்புப் பைக்குள் போய்விடுகிறது. லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) ஒட்டிய அட்டை குப்பையில். பழுது நடந்ததும் சுற்றும் சிஸ்டர் செய்ய வேண்டியது மூன்று நிமிட வேலை: நாசிலை உடைக்காமல், லென்ஸை இழுக்காமல், அப்படியே மூடியுள்ள டப்பாவில் போட்டு, லாட் எண், பவர், விஸ்கோவின் பெயர், அறை வெப்பம், லோடு செய்ததற்கும் தள்ளியதற்கும் இடைப்பட்ட நிமிடம் ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும். உப்புநீரில் அலசக்கூட வேண்டாம். காய்ந்த விஸ்கோ எந்த இடம்வரை வந்திருந்தது என்பதே பல நேரம் விடையைச் சொல்லிவிடும்.